அம்மாவுக்கு எலும்புக் குளிசை தொடங்கலாமா?

தங்கச்சி, களுவாஞ்சிக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு 72 வயது, முற்றத்தில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் −2.8 என்று எழுதி, எலும்புக் குளிசை தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். −2.5 அல்லது அதற்குக் கீழே என்றாலே எலும்புப்புரை (எலும்பு பலமிழந்து இலகுவில் முறியும் நோய்) என்றுதான் கணக்கு. அதோடு சும்மா வழுக்கியதற்கே முறிவும் வந்துவிட்டது. என் அம்மா என்றால் அலெண்ட்ரோனேட் என்ற எலும்புக் குளிசையைப் போடத்தான் சொல்வேன். கல்சியத்துக்குத் தயிரும் நெத்தலியும் நல்லதுதான், இந்த நிலையில் அவை மட்டும் போதாது.

இந்த மருந்தால் தாடை எலும்பு அழுகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னது முழுப் பொய் இல்லை. ஆனால் அலெண்ட்ரோனேட் குளிசையில் அது மிக அரிது. அம்மா வெற்றிலை போடுபவரா? எதற்கும் தொடங்கமுன் பல் வைத்தியரிடம் காட்டி, பிடுங்க வேண்டியது இருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

எனக்குக் கவலை, குளிசை உணவுக்குழாயில் தங்கினால் வரும் நெஞ்செரிவுதான். அதனால் போடும் முறை முக்கியம். கிழமைக்கு ஒரு 70 மில்லிகிராம் குளிசை, விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணியோடு. பிறகு அரை மணிநேரம் படுக்கவும் கூடாது, தேத்தண்ணியும் கூடாது (நம்முடைய அம்மாமாருக்கு இதுதான் பெரிய சோதனை!). கல்சியம் குளிசையையும் அந்த நேரத்தில் சேர்த்துக் கொடுக்காதீர்கள். விழுங்கச் சிரமமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள், வேறு மருந்தும் உண்டு. சரி, ஆயுளுக்கும் போடவேண்டுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் 5 வருடத்தில் மறுபடி பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள்.