வீட்டை அடகு வைக்காதீர்கள்

அம்மா,

பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகள் எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் அறிவியல் பாடங்களில் நன்றாக வாங்கியிருக்கிறாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் 'டாக்டருக்குப் படிக்க வை' என்கிறார்கள், தனியார் கல்லூரிக்குக் கட்ட வீட்டை வங்கியில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பதற்றம் புரிகிறது. அதற்காக ஆறுதல் சொல்லி அனுப்ப முடியாது. வைக்காதீர்கள்.

தனியார் மருத்துவப் படிப்புக்குச் சில லட்சம் ரிங்கிட் ஆகும். முடித்ததும் நிரந்தர அரசு வேலை என்ற காலமும் மலையேறிவிட்டது. 2016 கடைசியிலிருந்து புது மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2021 ஜூலையில் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டு மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதை நாடே பார்த்தது. வேலை தற்காலிகம், கடன் மட்டும் நிரந்தரம். இந்தக் கணக்கைப் பெரியப்பாவும் மாமாவும் போட்டுப் பார்த்தார்களா?

கடிதத்தின் கடைசியில் ஒரு புகார் எழுதியிருந்தீர்கள். தோட்ட விளக்கின் சோலார் தகட்டைக் கழற்றி, இரண்டு பென்சில்களின் கரியில் கம்பி கட்டி, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் விட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளாம். எனக்கு மதிப்பெண்ணைவிட அதுதான் பெரிதாகப்பட்டது. எந்தக் கரியில் குமிழ் அதிகமாக வருகிறது என்று அவளிடம் கேளுங்கள். அந்தப் பக்கம் ஹைட்ரஜன், எரிபொருள்.

தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும், நடைமுறையில் 1.6க்கு மேல் போகும். சோலார் தகட்டிலுள்ள ஒரு சிலிக்கன் செல் தருவதோ 0.6 வோல்ட் அளவுதான். அதனால் செல்களை வரிசையாக இணைக்கிறார்கள், அல்லது வெவ்வேறு நிற ஒளியை வாங்கும் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒளி பட்டுத் தண்ணீர் பிரிவதைக் காட்டினார்கள். வெள்ளைப் பெயிண்டில் கலக்கும் அதே பொருள்தான். தண்ணீரில் கெடாது, ஆனால் அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும், வெயிலில் அது கொஞ்சம்தான். வெயிலை நன்றாக வாங்கும் பொருள்கள் பலவும் தண்ணீரில் அரித்துப் போகின்றன. 2016இல் ஸ்டான்ஃபோர்டு குழுவொன்று வெயிலில் 30 சதவீதத்தை ஹைட்ரஜனாக மாற்றியது. அதற்கு விலை உயர்ந்த செல்லும் பிளாட்டினமும் இரிடியமும் தேவைப்பட்டன. மலிவாகவும் இருக்க வேண்டும், வருடக்கணக்கில் உழைக்கவும் வேண்டும். அந்தப் பொருளைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வேலைக்கான படிப்பு மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங், அதாவது பொருள்களை உருவாக்கிச் சோதிக்கும் பொறியியல். நம் குடும்பங்களில் இந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. பினாங்கின் அரசுப் பல்கலைக்கழகமான யூ.எஸ்.எம். அதை நிபோங் திபால் வளாகத்தில் நடத்துகிறது, உங்கள் ஊரிலிருந்து கொமுட்டர் ரயில் போகும் தூரம். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு வீட்டைத் தொட வேண்டியதில்லை. அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடனும் இருக்கிறது. மேற்படிப்பு வேண்டுமானால், பாங்கியில் யூ.கே.எம். என்ற தேசியப் பல்கலைக்கழகம் சூரிய ஆற்றலுக்கு ஒன்று, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் செல்லுக்கு ஒன்று என இரண்டு ஆய்வு நிலையங்களை வைத்திருக்கிறது. 2023இல் அரசாங்கமே ஹைட்ரஜனுக்கென்று ஒரு திட்ட வரைவை வெளியிட்டது.

முதல் வேலையே ஹைட்ரஜனில் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கூலிமில் சோலார் தகடு செய்யும் ஆலை, பாயான் லெப்பாஸில் சிப் ஆலை என்றுதான் பெரும்பாலும் தொடங்கும். மெல்லிய படலம் பூசுவது, அதில் குறை எங்கே என்று கண்டுபிடிப்பது, எல்லாம் அங்கேயும் அதே கைவேலைதான். அப்புறம், 'பசுமை ஆற்றல்' என்று அழகான பெயர் வைத்த பொறியியல் படிப்பை எந்தக் கல்லூரி காட்டினாலும், மலேசியப் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஆறாம் படிவத்தில் இயற்பியலா உயிரியலா என்று வீட்டில் சண்டை என்கிறீர்கள். இயற்பியல், வேதியியல், கணிதம் எடுக்கட்டும். அவளுக்கே மருத்துவம் பிடித்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன், அப்போதும் அரசு இடத்துக்குத்தான். கல்லூரிக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றீர்கள். சரி, கட்ட வேண்டாம். மாமா கேட்டால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.