அவுஸ்திரேலியச் சட்டம் மாறியதால் என் மகளில் பாதி உரிமை அவருக்குச் சேருமா?

கேள்வி: நான் எட்டு வயது மகளுடன் உப்புவெளியில் என் பெற்றோர் வீட்டில் வசிக்கிறேன். எங்கள் விவாகம் திருகோணமலையில் பதிவு செய்யப்பட்டது. கணவர் ஆறு வருடங்களாக மெல்பேணில் இருக்கிறார். எங்களை அழைப்பதாகச் சொன்னவர் அழைக்கவில்லை. அங்கே அவர் வீடு வாங்குவதற்காக எனது சீதனக் காணியை விற்றுப் பணம் அனுப்பினேன். இப்போது, அங்கே சட்டம் மாறிவிட்டது, யாரில் பிழை என்று பார்க்கமாட்டார்கள், பிள்ளையில் பாதி உரிமை தனக்குண்டு என்கிறார். சொத்தில் எதுவும் கோரமாட்டேன் என எழுதிய பத்திரமொன்றையும் ஒப்பமிடுமாறு அனுப்பியிருக்கிறார். விடுமுறைக்கு மகளை அனுப்பவும் கேட்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அந்தப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டாம். உங்கள் கணவர் சொல்பவற்றில் ஒன்று உண்மை, ஆனால் புதியதல்ல. மற்றொன்று அவர் வாழும் நாட்டிலேயே பிழையானது. உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய மாற்றங்களை அவர் சொல்லவேயில்லை.

யாரில் பிழை என்று பார்க்காத விவாகரத்து அங்கே 1975ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தோடு வந்தது. பன்னிரண்டு மாதங்கள் பிரிந்து வாழ்ந்ததைக் காட்டினால் போதும். நமது நாட்டில் இன்றும் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி சோரம் (திருமணத்துக்குப் புறம்பான உறவு), வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகிய மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும் என்பதால், அங்குள்ள நடைமுறை உங்களுக்கு அந்நியமாகத் தோன்றுவது இயல்பே. அவர் அங்கே வழக்கிட்டால் விவாகரத்தைத் தடுப்பது கடினம். அதற்காகப் பணத்தையும் மனத்தையும் செலவழிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் அழைப்பாணை வந்தால் அதை அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு, விசாரணைக்குக் குறைந்தது 42 நாட்களுக்கு முன்னர் பத்திரங்கள் சேர்ப்பிக்கப்பட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும்போது, அந்தப் பிள்ளைக்குத் தகுந்த ஏற்பாடுகள் உள்ளனவா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். மகளின் பாடசாலை, வதிவிடம், செலவு, தந்தை இதுவரை அனுப்பிய அல்லது அனுப்பாத பணம் ஆகியவற்றை எழுத்தில் முன்வைப்பதற்கான வாய்ப்பு அதுவே.

பிள்ளையில் பாதி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவருக்கும் சமமான பொறுப்பு இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்ற அனுமானத்தை 2006ஆம் ஆண்டுத் திருத்தம் அங்கே கொண்டுவந்தது. அது முடிவெடுக்கும் பொறுப்பைப் பற்றியதே தவிர நாட்களைப் பாதியாகப் பிரிப்பதைப் பற்றியதல்ல. ஆனாலும் பலர் அதைப் பாதிப் பங்கு என்றே புரிந்துகொண்டார்கள், அச்சத்தில் பல தாய்மார் இணங்கியும் போனார்கள். 2024 மே 6 முதல் அந்த அனுமானமே நீக்கப்பட்டுவிட்டது. இப்போது பிள்ளையின் பாதுகாப்பு, பிள்ளையின் விருப்பம், அதன் வளர்ச்சித் தேவைகள், அவற்றை நிறைவேற்றப் பெற்றோருக்குள்ள இயலுமை போன்றவற்றை வைத்துப் பிள்ளையின் நலனே தீர்மானிக்கப்படுகிறது. உங்கள் மகள் பிறந்தது முதல் இங்கேயே வாழ்கிறாள். அங்கே பெறப்படும் கட்டளை எதுவும் திருகோணமலையில் தானாக நடைமுறைக்கு வந்துவிடாது. இங்குள்ள நீதிமன்றங்களும், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த, தந்தைக்கு முன்னுரிமை தந்த பழைய ரோமன் டச்சுச் சட்ட மரபைத் தாண்டிப் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்கின்றன.

காணி விற்ற பணத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அவுஸ்திரேலியாவில் வீடு யாருடைய பெயரில் இருந்தாலும், அதை வாங்குவதற்கு ஒவ்வொருவரும் என்ன கொடுத்தார்கள் என்பதையும், வீட்டையும் பிள்ளையையும் பராமரித்த உழைப்பையும் சேர்த்தே நீதிமன்றம் பார்க்கும். 2025 ஜூன் 10இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், குடும்ப வன்முறையின் பொருளாதாரத் தாக்கத்தையும் சொத்துப் பங்கீட்டில் கருத வேண்டும் என்கிறது. சீதனத்துக்காக அச்சுறுத்துவதும் வற்புறுத்துவதும் அத்தகைய வன்முறைக்கு உதாரணமாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன. நீங்கள் விரும்பி விற்றீர்களா, வற்புறுத்தப்பட்டு விற்றீர்களா என்பதை நீங்களே அறிவீர்கள். இரண்டிலும் உங்கள் பங்களிப்பு பங்களிப்பே. காணி விற்ற உறுதி, வங்கிப் பற்றுச்சீட்டுகள், அவர் பணம் கேட்டு அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள் ஆகிய அனைத்தையும் இன்றே பிரதியெடுத்து வையுங்கள்.

இந்தச் சொத்துக் கோரிக்கைக்கு ஒரு காலக்கெடு உண்டு. விவாகரத்து இறுதியான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் சொத்து அல்லது தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுப் பணம்) கோரிக்கையை அங்கே தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், அனுமதி தராவிட்டால் கஷ்டம் நேரும் என்று காட்டி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டியிருக்கும். விவாகரத்து முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்து இந்த உரிமையை இழந்தவர்கள் உண்டு. அவர் அனுப்பிய பத்திரம், நீங்கள் அந்நாட்டுச் சட்டத்தரணி ஒருவரின் சுயாதீன ஆலோசனையைப் பெறாமல் ஒப்பமிட்டால், அங்கே இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் நிதி உடன்படிக்கையாகப் பொதுவாக நிற்காது. இருந்தும் உங்களுக்கு எதிரான சான்றாக அது காட்டப்படலாம்.

விடுமுறைப் பயணத்துக்கு இப்போது இணங்க வேண்டாம். பிள்ளையைத் திருப்பி அனுப்ப அவர் மறுத்தால், இரு நாடுகளும் ஏற்றுள்ள, பிள்ளைகளை நாடு கடந்து கடத்துவது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் நமது 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் திரும்பப் பெற வழி தருகின்றன. ஓராண்டுக்குள் விண்ணப்பிப்பது மிக முக்கியம். ஆனால் அந்த வழி நீண்டது, எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெருந்துயரம். தந்தையைக் காணும் உரிமை மகளுக்கு உண்டு என்பதையும் மறவாதீர்கள்: அவர் இங்கு வந்து பார்க்கட்டும், கிழமைதோறும் காணொளியில் பேசட்டும். அந்த விருப்பத்தை நீங்களே எழுத்தில் தெரிவித்துவையுங்கள்.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் மகளுக்கும் உங்களுக்கும் விண்ணப்பம் செய்வதாகும். அவர் வெளிநாட்டில் இருப்பதால் அறிவித்தல் சேர்ப்பிப்பதும் கட்டளையை நிறைவேற்றுவதும் தாமதமாகலாம்; ஆனாலும் பதிவில் ஒரு கோரிக்கை இருப்பது அங்குள்ள வழக்கிலும் பேசும். சட்டத்தரணிக் கட்டணம் சுமையாக இருந்தால், சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்கு விவாகச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், அந்தப் பத்திரம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே பெறப்படும் விவாகரத்தை இங்குள்ள சட்டம் ஏற்குமா என்பது பெரும்பாலும் அவருடைய நிரந்தர வதிவிடம் எந்த நாடு என்பதைப் பொறுத்தது. எனவே அந்தத் தீர்ப்பின் பிரதி கிடைத்ததும் அதை இங்குள்ள சட்டத்தரணியிடம் காட்டாமல் மறுமணம் பற்றியோ காணிப் பெயர்மாற்றம் பற்றியோ எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.