வேகன் ஆர், நியோஸ், டியாகோ: ஐந்து வருஷம் கழித்து விற்றால் எது கையைக் கடிக்காது?

கேள்வி கேட்டவர் மதுரை திருநகர்க்காரர். வீட்டில் கணவன், மனைவி இருவரும் ஆசிரியர்கள், கூடவே முட்டிவலி உள்ள அம்மா. வருஷத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஐந்து வருஷத்தில் விற்றுவிட்டு வேறு எடுக்கும் எண்ணம். மாருதி வேகன் ஆர், ஹூண்டாய் கிராண்ட் ஐ10 நியோஸ், டாடா டியாகோ, மூன்றிலும் பெட்ரோல்தான் பார்க்கிறார். எது தொந்தரவு கொடுக்காது, எது நல்ல விலைக்குப் போகும் என்பது அவர் கேள்வி.

நான் சிம்மக்கல் பக்கம் ஒரு கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பதினோரு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறவன். வண்டியை ஓட்டிப் பார்த்து விமர்சனம் சொல்கிற ஆள் இல்லை. எந்த வண்டிக்கு என்ன சாமான் கேட்டு வருகிறார்கள், "ஸ்டாக் இல்லண்ணே" என்றால் எந்த வண்டிக்காரர் முகம் வாடுகிறது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் கடை திறந்ததும் ஒர்க் ஷாப் பையன்கள் கழற்றிய சாமானைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். பத்தில் ஏழு பேர் கேட்பது லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், பிரேக் பேடு, கிளட்ச் செட். இதில் கம்பெனியின் குற்றம் ஒன்றும் இல்லை. கோரிப்பாளையம் சிக்னலில் ஹாஃப் கிளட்சில் கால் வைத்து நிற்கிறோம், பெயர் இல்லாத ஸ்பீடு பிரேக்கர்களில் குதிக்கிறோம், அதற்கான கூலி அது. மே மாதம் வந்தால் ஏசி கன்டென்சர், கூலிங் காயில். எஞ்சினைத் திறந்து செய்கிற வேலைக்குச் சாமான் கேட்டு வருகிறவர்கள் இந்த ரகச் சின்ன வண்டிகளில் அபூர்வம். வந்தாலும் விசாரித்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருப்பார்கள், இல்லையென்றால் டெம்பரேச்சர் ஏறியும் நிறுத்தாமல் ஓட்டியிருப்பார்கள்.

பழைய நாளில் டைமிங் பெல்ட் பெரிய பயம். பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்து எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். இப்போது வேகன் ஆரின் கே சீரிஸ் எஞ்சினிலும் நியோஸின் கப்பா எஞ்சினிலும் டைமிங் செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். டியாகோவில் இருப்பது மூன்று சிலிண்டர் எஞ்சின், ஐடிலில் லேசாக உதறும். அதைப் பழுது என்று நினைத்துப் பதறி வருகிறவர்களும் உண்டு. வேகன் ஆரின் ஒரு லிட்டர் எஞ்சினும் மூன்று சிலிண்டர்தான். 1.2 எடுத்தால் நான்கு.

ஆக, வண்டி கெடுமா என்ற கேள்வியை நான் வேறு மாதிரி கேட்பேன். கெட்டால் எத்தனை நாள் ஷெட்டில் நிற்கும்? ஒரு வண்டிக்கு லோயர் ஆர்ம் கேட்டால் ஒரிஜினல் ஒரு விலை, வேறு நல்ல கம்பெனி ஒரு விலை, மட்டமானது ஒரு விலை என்று மூன்றை எடுத்து மேசையில் வைப்பேன். இன்னொரு வண்டிக்கு பம்பர் கிளிப் ஒன்று வருவதற்கு எட்டு நாள் ஆன கதையும் இருக்கிறது. முப்பது ரூபாய் கிளிப். கம்பெனி பெயர் வேண்டாம், கடைக்கு அவர்கள் சாமானும் வருகிறது.

இந்தச் சாமான் கிடைக்கிற கதைதான் பிறகு விற்கிற விலையாக மாறுகிறது. என் சொந்த வண்டியை வைத்தே சொல்கிறேன்.

2012-ல் வேகன் ஆர் எடுத்தேன். ஆன்ரோடு நாலு லட்சத்து அறுபதாயிரம். 2022-ல் விற்கலாம் என்று முடிவு செய்து தெரிந்த மெக்கானிக்குகளிடம் சொல்லிவைத்தேன். மூன்று நாளில் பதினாலு போன். நான்காம் நாள் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார், கூடவே ஒரு மெக்கானிக். வந்தவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. நம்பர் பிளேட்டுக்கு முன்னால் நின்று விரல் விட்டு எண்ணினார். "எட்டு வரலைல்ல மாப்ள?" "ஆறுண்ணே." அதற்கப்புறம்தான் கதவைத் தொட்டார். கூட்டுத்தொகை எட்டு வந்தால் பத்தாயிரம் குறைத்தாலும் வேண்டாம் என்று போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ நம்பர் எடுக்கும்போது கவனித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பின்சீட்டை மடக்கச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உள்ளே நீளவாக்கில் விரித்துப் பார்த்தார், அகலத்தில் ஒரு தடவை பார்த்தார். எனக்குப் புரியவில்லை. "மல்லிகைப்பூ தம்பி. விடியக்காலைல மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு நாலு மூடை ஏத்தணும். பஸ்ஸுல போட்டா கசங்கிருது." மெக்கானிக் அதற்குள் டிப் ஸ்டிக்கை உருவி ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்து, அடிபட்ட வண்டியா என்று தெரிந்துகொள்ள, கதவு ரப்பரைப் பிய்த்து உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டார். நான் இரண்டே முக்கால் சொன்னேன். இரண்டு அறுபதுக்கு முடிந்தது. பத்து வருஷத்தில் நான் இழந்தது இரண்டு லட்சம், வருஷத்துக்கு இருபதாயிரம்.

நான் வண்டி எடுத்த அதே 2012-ல் என் பெரியப்பா மகன் வேறொரு கம்பெனி வண்டி எடுத்தான், ஏழு லட்சத்துக்கு மேல். கொடைக்கானல் வளைவுகளில் அந்த வண்டி போகிற அழகே தனி, ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். அவனும் விற்கப் போட்டான். மூன்று மாசத்தில் ஐந்து போன். கடைசியில் புரோக்கரிடம் இரண்டு பத்துக்குத் தள்ளிவிட்டான். வண்டியில் ஒரு குறையும் கிடையாது. "இத யாருண்ணே ஊர்ல பாப்பா?" என்று வந்தவர்களெல்லாம் கேட்ட ஒரே கேள்விதான் குறை. செக்கானூரணியிலோ மேலூரிலோ மரத்தடியில் டூல் பாக்ஸோடு உட்கார்ந்திருக்கிறவர் தைரியமாகக் கை வைக்கிற வண்டிக்குத்தான் ஊர்ப்பக்கம் விலை.

கம்பெனியே கடையைச் சாத்திவிட்டுப் போனால் கேட்கவே வேண்டாம். ஷெவர்லே விற்பனை 2017 கடைசியில் நின்றது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் டாட்சன். ஃபிகோ ஓட்ட அருமையான வண்டி, அறிவிப்புக்கு முந்தின நாளும் மறுநாளும் அதே வண்டிதான், ஆனால் வாங்க வருகிறவர் சொல்லும் விலை மாறிவிட்டது. செகண்ட் ஹேண்டில் எடுத்துப் பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறவருக்கு அதுவே லாபம். உங்கள் கேள்வி அது இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இன்சூரன்ஸ் பேப்பரில் ஐடிவி என்று ஒரு தொகை போட்டிருக்கும், வண்டிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வைக்கிற மதிப்பு அது. அதைப் பார்த்து விலை முடிவு செய்யாதீர்கள். ஆறு மாசம் வரை 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷத்துக்கு 15, இரண்டுக்கு 20, மூன்றுக்கு 30, நான்குக்கு 40, ஐந்துக்கு 50 என்று எல்லாக் கம்பெனி வண்டிக்கும் ஒரே தராசு அது. சந்தைக்கு அந்தத் தராசு தெரியாது. சந்தை பார்ப்பது புது வண்டியின் இன்றைய விலையை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, மேலே இருந்த செஸ்ஸும் போனது. புது வண்டி விலை இறங்கியதும், ஆகஸ்டில் எடுத்தவர் வண்டி ஓட்டாமலே மதிப்பு இறங்கிப்போனது. நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்பதால் உங்கள் மூன்று வண்டியும் இந்தக் கணக்கில் வருகிறது.

இப்போது உங்கள் கணக்கு. ஒரு பேச்சுக்கு ஆறரை லட்சம் என்று வைப்போம். ஒரு வண்டிக்கு ஐந்து வருஷம் கழித்து வாங்கிய விலையில் அறுபது சதவீதம் நிற்கிறது, இன்னொன்றுக்கு ஐம்பது நிற்கிறது என்றால் வித்தியாசம் 65,000 ரூபாய். அறுபது மாசத்துக்கு வகுத்தால் மாசம் ஆயிரத்துச் சொச்சம். வாங்கும்போதே ஷோரூமில் ஒரு வண்டிக்கு நாற்பதாயிரம் தள்ளுபடி கொடுத்தால், அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. ரீசேல் ரீசேல் என்று பேசுகிற பலர் இந்த வகுத்தலைச் செய்வதே இல்லை.

இன்னொன்று. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2019-ல் வேகன் ஆருக்கு ஐந்துக்கு இரண்டு ஸ்டார், 2020-ல் நியோஸுக்கும் இரண்டு, அதே 2020-ல் டியாகோவுக்கு நான்கு. மூன்றும் அன்று விற்ற வண்டிகள், பழைய சோதனை முறை. அதற்குப்பின் ஏர்பேக் எண்ணிக்கையெல்லாம் மாறிவிட்டது, சோதனையும் கடுமையாகிவிட்டது. நான் சொல்ல வருவது, பழைய கார் பார்க்க வந்த யாரும் என் காதுபட ஸ்டார் பற்றிக் கேட்டதில்லை. டயர் கேட்பார்கள், மைலேஜ் கேட்பார்கள், ஏசி போட்டுப் பார்ப்பார்கள். சந்தை கூலி கொடுக்காத குணம் அது. நான்குவழிச் சாலையில் அடிக்கடி போகிற குடும்பம் என்றால் மாசம் ஆயிரம் ரூபாயை அதற்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

உங்களுக்கு? ஐந்து வருஷத்தில் நிச்சயம் விற்பேன் என்றால் வேகன் ஆர் 1.2, மேனுவல் கியர், வெள்ளை அல்லது சில்வர். அம்மாவுக்காகவும் அதைத்தான் சொல்வேன்: சீட் உயரம், குனியாமல் ஏறி இறங்கலாம். ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிப்போய் மூன்றிலும் உட்காரவைத்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். எட்டு, பத்து வருஷம் வைத்திருப்பேன் என்று மனசு மாறினால் நியோஸோ டியாகோவோ எடுங்கள், அந்த வயசில் மூன்றுக்கும் இடையில் விலை வித்தியாசம் சுருங்கிவிடும். ஏஎம்டி, அதாவது கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோ கியர், ஓட்டச் சுகம்தான், ஆனால் ஊர்ப்பக்கம் வாங்க வருகிறவர் அதைச் சாக்காக வைத்து விலையைக் குறைப்பார்.

பதிவு மதுரையிலேயே இருக்கட்டும். டிஎன் 58, 59, 64 என்றால் இங்கே ஒரு தனி நம்பிக்கை. அதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் என் மச்சான் ஒரு புரோக்கர் மூலம் சென்னை வண்டி ஒன்றை மலிவாக எடுத்தார். மூன்று மாசத்தில் பவர் விண்டோ நின்றது, பிறகு மீட்டர் போர்டு. பின்சீட் பெல்ட்டை அடிவரை இழுத்துப் பார்த்தேன். கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேறு கோடு போட்டிருந்தது. மேலே எல்லாம் ஷாம்பு போட்டுக் கழுவி மணக்க மணக்கக் கொடுத்திருந்தார்கள். இங்குள்ளவர்கள் அப்படிப் பட்டுத்தான் வெளியூர் நம்பரைக் கண்டால் இரண்டு அடி தள்ளி நிற்கிறார்கள்.

சர்வீஸ் பில் அத்தனையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், எனக்கு அந்த ஃபைல் கடைசி ஐயாயிரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. லோன் முடிந்ததும் பேங்கில் என்ஓசி வாங்கி, படிவம் 35 கொடுத்து ஆர்சியிலிருந்து ஹைப்போதிகேஷனை, அதாவது பேங்க் கடன் பதிவை, எடுத்துவிடுங்கள். விற்கிற அன்றைக்கு ஓடாதீர்கள். இன்சூரன்ஸில் கிளைம் கேட்காமல் ஓட்டியதற்குக் கிடைக்கிற நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது, அதற்கான லெட்டரை வாங்கிக்கொண்டால் அடுத்த வண்டி பிரீமியத்தில் கழியும். அப்புறம் அந்த இரண்டாவது சாவி. பீரோவில் எங்கே வைத்தோம் என்று உங்கள் வீட்டம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும். ஒரு சாவிதான் இருக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் வந்தவர் ஐயாயிரம் குறைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.