தி குளோரி: கேட்கப்படாத புகார்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சென்ற விடுமுறையில் 'தி குளோரி' என்ற கொரியத் தொடரின் 16 பகுதிகளையும் என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. தொடரின் இறுதியில் கொடுமை செய்தவர்கள் ஒவ்வொருவராக வீழ்ந்தபோது அவள் கைதட்டினாள். "இப்படித்தாம்மா செய்யணும். டீச்சர்கிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாது" என்றாள். ஆசிரியையான எனக்கு அந்தச் சொல் வலித்தது. ஆனால் நானும் உள்ளூர மகிழ்ந்துகொண்டுதான் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இத்தகைய கதைகள் பழிவாங்கலையும் வன்முறையையும் பிள்ளைகளின் மனத்தில் நியாயமாக்கிவிடுகின்றனவா? நாங்கள் இருவரும் அடைந்த அந்த மகிழ்ச்சி தவறானதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மகள் சொன்னதில் முதல் வாக்கியம்தான் உங்களைக் கவலைப்படுத்துகிறது. எனக்கு இரண்டாவது வாக்கியமே முக்கியமாகப் படுகிறது. "டீச்சர்கிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கையின்மை அந்தத் தொடரைப் பார்த்ததால் அவளுக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அது அவளிடம் முன்பே இருந்திருக்க வேண்டும். தொடர் அதை உறுதிசெய்திருக்கிறது, அவ்வளவுதான்.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிம் உன்-சுக் எழுதிய இத்தொடர் 2022 டிசம்பர் இறுதியிலும் 2023 மார்ச்சிலுமாக இரண்டு பாகங்களாக நெட்ஃபிளிக்ஸில் வந்தது. தோங்-உன் என்ற ஏழை மாணவியை, யோன்-ஜின் என்ற பணக்கார மாணவியின் தலைமையில் ஐந்து பேர் நாள்தோறும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். முடியை நேராக்கும் மின்கருவியால் அவள் உடல் முழுவதும் சூடுபோடுகிறார்கள். படிப்பை விட்டு விலகும் அவள், ஆலையில் வேலை செய்துகொண்டே படித்து ஆசிரியையாகி, ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து யோன்-ஜின்னுடைய மகளின் வகுப்பாசிரியையாக வந்து நிற்கிறாள். அங்கிருந்து பழிவாங்கல் தொடங்குகிறது.

பெரும்பாலானோர் இந்தத் தொடரைப் பழிவாங்கலுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எழுத்தின் வலிமை முழுவதும் தொடக்கப் பகுதிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். அங்கே குற்றம் செய்யும் ஐவரைக் காட்டும் அதே பொறுமையோடு, அந்தக் குற்றம் நடக்க வழிவிடும் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் எழுத்தாளர் காட்டுகிறார். தோங்-உன் காவல் நிலையத்துக்குப் போகிறாள். அந்தப் பிள்ளைகள் அங்கிருந்து எளிதாக வெளியே வந்துவிடுகிறார்கள். பள்ளிச் செவிலியர் ஒருவர் மட்டும் அவளுக்கு உதவ முன்வருகிறார். அவரால் அந்தப் பள்ளியில் நீடிக்க முடியவில்லை. பிறகுதான் அந்த விலகல் படிவம் வருகிறது. படிப்பை நிறுத்துவதற்கான காரணம் என்ற இடத்தில் தோங்-உன் தன்னைக் கொடுமைப்படுத்தியவர்களின் பெயர்களையும், வகுப்பாசிரியர் கண்டும் காணாமல் இருந்ததையும் எழுதுகிறாள். அதைப் படித்த வகுப்பாசிரியர் தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவளை அறைந்துகொண்டே இருக்கிறார். இறுதியில் யோன்-ஜின் வீட்டாரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவளைப் பெற்ற தாயே விலகலுக்கு ஒப்புதல் தருகிறாள்; பள்ளிச் சூழலோடு மகளால் ஒத்துப்போக முடியவில்லை என்று காரணம் மாறிவிடுகிறது.

உடற்பயிற்சிக் கூடத்துக் காட்சிகளைவிட இந்தக் காட்சி என்னை அதிகமாக உலுக்கியது. சூடுபோட்டவர்கள் அவள் உடலைக் காயப்படுத்தினார்கள். அந்தப் படிவத்தைத் திருத்தியவர்கள், நடந்தது நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அவளுடைய 18 ஆண்டுத் திட்டம் முழுவதும், ஒரு வகையில், அந்தப் படிவத்தில் அவள் எழுதிய காரணத்தை அத்தனை பேரும் படிக்கும்படி மீண்டும் எழுதிக்காட்டும் முயற்சிதான்.

நாம் பழிவாங்கும் கதையை அறியாதவர்கள் அல்லர். கண்ணகி மதுரையை எரித்ததை எல்லோரும் நினைவுகூர்கிறோம். ஆனால் அவள் தீ வைப்பதற்கு முன்பு அரசவைக்குச் சென்றாள், வழக்குரைத்தாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள் என்பதை அதே அளவுக்கு நினைவுகூர்வதில்லை. அங்கே அரியணையில் இருந்தவன் அவள் சொன்னதைக் கேட்டான். "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி உயிரையே விட்டான். தோங்-உன் ஏறி இறங்கிய இடங்களில் ஒருவர்கூட அப்படி ஒரு சொல்லைச் சொல்லவில்லை. காவலர் சொல்லவில்லை, ஆசிரியர் சொல்லவில்லை, தாய் சொல்லவில்லை. நீங்களும் உங்கள் மகளும் அடைந்த மகிழ்ச்சி எத்தகையது என்று கேட்டிருந்தீர்கள். எவரும் ஒப்புக்கொள்ளாத ஒரு குற்றம் கடைசியில் ஊரறிய ஒப்புக்கொள்ளப்பட்டதைக் கண்ட ஆறுதலே அதில் பெரும்பங்கு என்று நான் நம்புகிறேன். அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனைக் கதையாக இருந்திருந்தால் கொரியாவில் அவ்வளவு பெரிய அதிர்வை உண்டாக்கியிருக்காது. 2006-ஆம் ஆண்டில் சோங்ஜு நகரத்தில் நடுநிலைப் பள்ளி மாணவி ஒருவரைச் சக மாணவிகள் அதே போன்ற மின்கருவியால் சுட்ட வழக்கு, தொடர் வெளியானபோது மீண்டும் பரவலாகப் பேசப்பட்டது. தோங்-உன் சித்திரவதைக்கு உள்ளாகும் 2004-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டில் பள்ளி வன்முறைத் தடுப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள். அச்சட்டத்தின்படி, தவறு செய்த மாணவர் மீது ஒன்பது படிநிலைகளில் நடவடிக்கை எடுக்கலாம். எழுத்து மூலமான மன்னிப்பு முதல் படி, பள்ளியை விட்டு நீக்குவது கடைசிப் படி. 2011 டிசம்பரில் தேகு நகரத்து மாணவர் ஒருவர், தனக்கு நேர்ந்த கொடுமைகளைக் கடிதமாக எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, இந்நடவடிக்கைகள் மாணவரின் பள்ளிப் பதிவேட்டில் ஏறத் தொடங்கின. பதிவேட்டில் ஏறினால் பல்கலைக்கழக இடம் பறிபோகும் என்ற அச்சம் வந்ததும், வசதியுள்ள பெற்றோர் வழக்கறிஞர்களை அமர்த்தி நீதிமன்றங்களுக்குப் போகத் தொடங்கினார்கள்.

தொடரின் இரண்டு பாகங்களுக்கும் இடையில், 2023 பிப்ரவரியில், கொரியக் காவல்துறையின் தேசியப் புலனாய்வு அலுவலகத் தலைவராக நியமிக்கப்பட்ட முன்னாள் அரசு வழக்கறிஞர் ஒருவர் மறுநாளே பதவி விலக நேர்ந்தது. அவருடைய மகன் உயர்நிலைப் பள்ளியில் சக மாணவரைச் சொல்லால் துன்புறுத்தியதற்காக வேறு பள்ளிக்கு மாற்றப்பட, அந்த முடிவை எதிர்த்துக் குடும்பம் உச்ச நீதிமன்றம் வரை போராடியதும், மகன் பின்னர் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் அப்போது வெளியே வந்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் அரசு விதிகளைக் கடுமையாக்கியது. கடும் நடவடிக்கைகளின் பதிவை 2 ஆண்டுகளுக்குப் பதிலாக 4 ஆண்டுகள் வைத்திருப்பது என்றும், 2026 கல்வியாண்டு முதல் எல்லாப் பல்கலைக்கழகச் சேர்க்கை முறைகளிலும் அதைக் கணக்கில் எடுப்பது என்றும் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் பாகம் வெளியான அதே வாரத்தில், தொடரின் இயக்குநரே தம் இளமையில் பிற மாணவர்களைத் தாக்கியவர் என்ற குற்றச்சாட்டு எழுந்து, அவர் தம் வழக்கறிஞர்கள் வழியாக மன்னிப்புக் கேட்டார். இதனால் தொடரின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சிலர் எழுதினார்கள். அடித்தவர்கள் தனியான ஓர் இனமாக வாழ்வதில்லை, வளர்ந்து, வேலைக்குப் போய், நம் நடுவிலேயே மதிப்போடு இருக்கிறார்கள் என்று தொடர் சொன்னதையே அது மெய்ப்பித்ததாக எனக்குத் தோன்றுகிறது.

எழுத்தாளர் கிம் உன்-சுக், இக்கதை பிறந்த விதத்தைப் பொதுமேடையில் சொல்லியிருக்கிறார். அவருடைய மகள் ஒரு நாள், "நான் யாரையாவது சாகும் அளவுக்கு அடித்துவிட்டு வந்தால் உனக்கு வலிக்குமா, அப்படி அடிபட்டு வந்தால் அதிகம் வலிக்குமா?" என்று கேட்டாளாம். பின்னொரு மேடையில் அவர் இதற்கு விடையும் சொன்னார்: அடிபட்டு வருவதே மேல் என்று முடிவுசெய்ததாகவும், கொடுமை செய்தவர்களை விடாமல் துரத்தித் தண்டனை வாங்கித்தரும் அளவுக்குத் தம்மிடம் பணம் இருப்பதே அதற்குக் காரணம் என்றும், தோங்-உன்னைப் போன்றவர்களுக்கு அப்படிப்பட்ட பெற்றோர் இல்லை என்றும் அவர் கூறினார். ஒரு தாயின் வாயிலிருந்து வந்த மிக நேர்மையான சொற்களாக இவற்றைக் கருதுகிறேன். பணமுள்ள தாய்க்குச் சட்டம் போதும். பணமில்லாத பிள்ளைக்குக் கதையில் மட்டும்தான் நீதி.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தொடர் பழிவாங்கலைப் போற்றுகிறதா? பிற்பகுதியில், ஓரளவு, ஆம். ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்துக்குப் பொருந்திய தண்டனை அளந்து தரப்படுகிறது. தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை வாசித்த யோன்-ஜின், சிறையில் சக கைதிகளின் கட்டாயத்தால் அதே அறிக்கையைச் சொல்லிக்காட்ட வேண்டியிருக்கிறது. அந்த ஒழுங்கில் கலை குறைந்து கணக்கு மிகுந்துவிடுகிறது. என்னால் உடன்பட முடியாத இன்னோர் இடமும் உண்டு. யோன்-ஜின்னின் மகள் யே-சோல் தொடக்கப் பள்ளிச் சிறுமி. எந்தத் தவறும் செய்யாத அக்குழந்தையின் வகுப்பறையைத் தோங்-உன் தன் ஆயுதமாக்குகிறாள். குழந்தையை அவள் தொடவில்லை என்பது உண்மைதான். ஆனால் தாய்க்கு நடுக்கம் தருவதற்காக ஒரு சிறுமியின் அருகில் போய் நிற்பதும் அந்தச் சிறுமியைப் பயன்படுத்துவதே. தீயை ஏவிய கண்ணகிகூட குழந்தைகளை விட்டுவிடும்படி சொல்லித்தான் ஏவினாள். உங்கள் மகளிடம் யே-சோலைப் பற்றி நீங்கள் அவசியம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதே சமயம், பழிவாங்கல் தோங்-உன்னை என்ன செய்தது என்பதையும் தொடர் மறைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவளுக்கு வாழக் காரணம் இல்லாமல் போகிறது, சாகத் துணிகிறாள். அவளுடைய இளமையில் மீதமிருந்ததை எல்லாம் அந்தத் திட்டம் தின்றுவிட்டது. அவளுக்குக் கிடைத்த உண்மையான மீட்பு வேறு இடத்தில் நிகழ்கிறது. கணவனிடம் அடிவாங்கும் ஹியோன்-நாம் என்ற பெண், அவளுக்கு உதவியாளராக வந்து, கார் ஓட்டக் கற்று, வாய்விட்டுச் சிரிக்கிறார். யோம் ஹே-ரான் நடித்த அந்தப் பாத்திரத்தின் சிரிப்பில்தான் தோங்-உன்னின் முகம் முதன்முறையாக இளகுகிறது.

உங்கள் மகளிடம் சொல்ல வேண்டிய மிக முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. திரையில் பாதிக்கப்பட்டவர் பழிவாங்குகிறார். வாழ்க்கையில் பெரும்பாலும் பழிவாங்குபவர் பலமுள்ளவரே, அதுவும் தன்மீது புகார் சொன்னதற்காக. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவர், உடன்படித்த ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அதற்குப் பின் அவர் வீட்டுக்குள் புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளி வயதுப் பிள்ளைகளே. இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறுகளையும் நெற்றி அடையாளங்களையும் பள்ளிகளில் தடைசெய்யப் பரிந்துரைத்ததோடு, மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர்கள் வேண்டும் என்றும் அது கூறியது. புகாரைக் கேட்பது மட்டும் போதாது, புகார் சொன்ன பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேர்வதும், மறுநாள் அச்சமின்றிப் பள்ளிக்கு வருவதும் பெரியவர்களின் பொறுப்பு என்பதை இதைவிடக் கொடுமையாக எந்த நிகழ்வும் நமக்குச் சொல்லித்தர முடியாது.

இத்தொடர் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்தச் சூடுபோடும் காட்சிகள் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பார்த்தாயிற்று என்பதால் இனி அதைப் பற்றிப் பேசாமல் விடுவது அதைவிடத் தவறாகும். கைதட்டியதற்காக அவளைக் கண்டிக்காதீர்கள். தன் பள்ளியில் தனக்கோ தோழிக்கோ இப்படி நேர்ந்தால் யாரிடம் சொல்வாள் என்று கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணும் இருப்பதைச் சொல்லுங்கள். உங்கள் பள்ளியிலோ, ஒரு மாணவர் புகார் தந்தால் அவர் சொன்ன சொற்களிலேயே அது எழுதப்படுகிறதா, பிறகு அதை யார் திருத்துகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. உங்கள் மகளால் தன் பள்ளியில் நம்பிப் பேசக்கூடிய ஓர் ஆசிரியரின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து அதை அப்படியே சொல்லுங்கள். அவர்கள் என்ன பதில் தந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் விரும்பினால் அதையும் பெயரில்லாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்