கூட்டம் முடிகிறது, வேலை முடியவில்லை!

கேள்வி: மணலியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். தினமும் காலைக் கூட்டம் ஒரு மணி நேரம் இழுக்கிறது. மறுநாளும் அதே பேச்சுதான். என்ன செய்யலாம்?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: 12 பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 12 மணி நேர வேலை போகிறது. தகவல் சொல்வதையும் முடிவெடுப்பதையும் ஒன்றாகக் கலப்பதுதான் பெரும்பாலும் கோளாறு. வெறும் தகவல் என்றால் முந்தைய நாள் மாலையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். கூட்டத்தில் பேச வேண்டிய விஷயத்தைக் கேள்வியாக எழுதுங்கள். ‘லாரி பிரச்சினை’ என்று எழுதினால் புலம்பல்தான் வரும்; ‘எண்ணூர் துறைமுகத்துக்குப் போகிற சரக்கை எத்தனை மணிக்குள் ஏற்றி முடிப்பது?’ என்றால் பதில் வந்தே ஆக வேண்டும்.

நின்றபடியே 15 நிமிடம் போதும். கன்டெய்னர் லாரி நெரிசலில் சிக்கியவருக்காகக் காத்திருக்காதீர்கள், போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவரும் நாளை தாமதமாக வருவார். இரண்டு பேருக்கு மட்டுமான விவாதம் கிளம்பினால், கூட்டம் முடிந்ததும் அவர்கள் தனியே பேசட்டும்.

முக்கியமானது பலகை. ‘வெல்டிங் ராடு 2 பெட்டி – செல்வம் – வியாழன் பகல் 12’ என்று வேலை, ஆள், நேரம் மூன்றையும் எழுதுங்கள். ஒரு வேலைக்கு ஒரே பெயர். ‘பார்த்துக்கலாம்’ என்று விட்டது யார் கையிலும் நிற்காது. மறுநாள் கூட்டத்தை அந்தப் பலகையிலிருந்தே தொடங்குங்கள்.