நேர்காணல் முடிந்தது, பதில் எப்போது?

கேள்வி: அமெரிக்காவில் திரைப்பட இயக்கம் முதுகலைக்கு டிசம்பரில் விண்ணப்பித்தேன். பிப்ரவரியில் நேர்காணல். மார்ச் பாதி தாண்டியும் பதிலில்லை. நிராகரித்துவிட்டார்களா?

பதில்: அப்படி முடிவுகட்டாதீர்கள். ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்தாலும், பல இடங்களில் சேர்க்கை அலுவலகம் சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகே கடிதம் வரும். மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம்கூட இயல்பானதுதான். மின்னஞ்சலை மட்டும் நம்பாமல், விண்ணப்பப் பக்கத்தில் நுழைந்து பாருங்கள். மதிப்பெண் சான்று 'வரவில்லை' என்றிருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடக்கூடும்.

நிதியுதவியுடன் இடம் தரும் பல பல்கலைக்கழகங்கள் அதை ஏற்பதா என்று முடிவெடுக்க ஏப்ரல் 15 வரை மாணவருக்கு அவகாசம் தருகின்றன. காத்திருப்போர் பட்டியல் பெரும்பாலும் அதன்பிறகே நகரும். வேறொரு பல்கலைக்கழகம் முன்பணம் கேட்டு நெருக்கினால், அந்தக் கெடு தேதியையும் விண்ணப்ப எண்ணையும் குறிப்பிட்டு, நேர்காணல் நடத்தியவர்களுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். விசாவுக்கும் நாள் வேண்டுமே, தயங்காமல் கேளுங்கள்.