கைவேலை கேள்வி-பதில்: காலுக்கு லேஸ் கொலுசு

டாட்டிங் லேஸில் செய்த வெறுங்கால் அணியின் (கால்விரலில் வளையமாக மாட்டி, பாதத்தின் மேலாக வந்து கணுக்காலில் கட்டுவது) படம் போன இதழில் வந்தாலும் வந்தது, கடிதமெல்லாம் அதைப் பற்றியே. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஷட்டில் என்ற கையடக்கமான, படகு வடிவக் கருவியில் நூலைச் சுற்றிக்கொண்டு, முடிச்சு முடிச்சாகப் போட்டு வளையமும் வளைவுமாகச் செய்யும் லேஸ்தான் டாட்டிங். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

பத்துப் பன்னிரண்டு முடிச்சு போட்டுவிட்டு ஷட்டில் நூலை இழுத்தால் வளையம் இறுக மாட்டேன் என்கிறது. நூல் மட்டமா?
- ஒரு வாசகி, ஈரோடு

நூலைத் திட்டாதீர்கள், முடிச்சு தாவவில்லை, அவ்வளவுதான். ஷட்டில் நூல் நடுவில் நேராக ஓட வேண்டும், இடது கையில் சுற்றியிருக்கும் நூல் அதன்மேல் முடிச்சாக உட்கார வேண்டும். ஆனால் ஷட்டிலை நுழைத்து எடுத்ததும் நடப்பது நேர்மாறு: ஷட்டில் நூல் போய்க் கைநூலைச் சுற்றிக்கொள்கிறது. அந்த நேரத்தில் இடது நடுவிரலைத் தளர்த்திவிட்டு ஷட்டில் நூலை மட்டும் விறைப்பாக இழுங்கள், சுருக்கு ஒரு நூலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். அப்புறம்தான் நடுவிரலைத் தூக்கி முடிச்சைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்த வேண்டும். பெரும்பாலானவர்கள் விரலைத் தளர்த்தாமல் இரண்டு நூலையும் சேர்த்து இழுக்கிறார்கள், அங்கேதான் வம்பு.

கை பழகும்வரை ஷட்டிலில் சிவப்பு, கையில் வெள்ளை என்று இரண்டு நிறத்தை முனையில் முடிந்துகொண்டு வளையம் இல்லாமல் வெறும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். முடிச்சு வெள்ளையாகத் தெரிந்தால் சரி, சிவப்பாகத் தெரிந்தால் தாவவில்லை. அரை முடிச்சு ஒன்று தவறினாலும் வளையம் அந்த இடத்தில் நின்றுவிடும். குரோஷேயைப் போல உருவிப் பிரிக்கவும் முடியாது, ஊசி முனையால் ஒவ்வொன்றாக நோண்ட வேண்டும், அதனால் இரண்டு மூன்று முடிச்சுக்கு ஒரு தடவை ஷட்டில் நூலை அசைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எங்கள் ஊர்க் கடைகளில் ஷட்டில் கிடைக்கவில்லை. எந்த நூல் வாங்குவது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஷட்டில் ஆன்லைனில் கிடைக்கும். அதுவரை கெட்டி அட்டையைப் படகு வடிவில் வெட்டி நூலைச் சுற்றிப் பழகலாம். நீளமான டாட்டிங் ஊசியிலும் இதே முடிச்சைப் போடலாம், தாவ வைக்கும் தொல்லை அதில் இல்லை. ஆனால் ஊசியின் பருமனுக்கு முடிச்சு கொஞ்சம் தொளதொளவென்று வரும். காலில் உரசல் அதிகம் என்பதால் நான் ஷட்டில் கட்சி. நூல் 20ஆம் நம்பர் பருத்தி குரோஷே நூல் போதும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், 80ஆம் நம்பரெல்லாம் கைக்குட்டை ஓரத்துக்கு அழகு, காலில் தாங்காது.

தங்கை கல்யாணத்துக்கு வெறுங்கால் அணி செய்கிறேன். தரையில் விரித்தால் அழகாக இருக்கிறது, போட்டு நடந்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, அம்பத்தூர்

உட்கார வைத்து அளவு எடுத்திருப்பீர்கள். எழுந்து நின்றால் பாதம் நீளத்திலும் அகலத்திலும் விரியும், நூலோ விரியாது. தங்கையைச் சாயங்காலத்தில், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், நிற்க வைத்து அளங்கள். விரல் இடுக்கிலிருந்து கணுக்கால் மடிப்பு வரை ஒரு அளவு, கணுக்காலைச் சுற்றி ஒரு அளவு. அப்புறம் ஒரு பழைய துணியை முக்கோணமாக வெட்டிக் காலில் கட்டி நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள், எங்கே சுருங்குகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். கால் மடங்கும் அந்த இடத்தில் பெரிய பூ வேலையும் மணியும் வேண்டாம், நெகிழ்ந்து கொடுக்கிற சங்கிலி வளைவாக விட்டுவிடுங்கள்.

கணுக்கால் பட்டைக்கு எளிய கணக்கு ஒன்று. வளையத்துக்கு 5 முடிச்சு, பிக்காட் (இரண்டு முடிச்சுக்கு நடுவே விடும் சின்ன நூல் கண்ணி), 5, பிக்காட், 5, பிக்காட், 5, இறுக்கு. வேலையைத் திருப்பி 6 முடிச்சு, பிக்காட், 6 என்று சங்கிலி. மறுபடி திருப்பி அடுத்த வளையம், முதல் 5 முடிச்சு முடிந்ததும் முந்தின வளையத்தின் கடைசிப் பிக்காட்டோடு இணைக்க வேண்டும். இப்படி மூன்று வளையம் போட்டு அளந்து, கணுக்கால் சுற்றளவுக்கு எத்தனை தேவை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் கை இறுக்கம் மாறும் என்பதால் என் எண்ணிக்கை உங்களுக்கு உதவாது. பின்னால் கொக்கி வைப்பதைவிட ஒரு முனையில் முத்துப் பொத்தானும் மறு முனையில் வரிசையாகப் பெரிய பிக்காட்டுகளும் வைத்தால் வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். மலிவான இரும்புக் கொக்கி ஈரக் காலில் துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை விட்டுவிடும்.

முக்கியமான விஷயம், முகூர்த்தத்தில் இதைப் போட வேண்டாம். மெட்டி போடுவது கட்டைவிரலுக்கு அடுத்த விரலில், நீங்கள் நூல் வளையம் மாட்டப்போவதும் அதே விரலில். அம்மி மிதித்து மாப்பிள்ளை மெட்டி போடும் நேரத்தில் நூலைக் கழற்றிக்கொண்டிருக்க முடியுமா? நலங்குக்கும் வேண்டாம், பருத்தியில் மஞ்சள் பட்டால் எளிதில் போகாது. வரவேற்புக்குப் போடட்டும், அப்போது மெட்டி இருக்கும் என்பதால் வளையத்தை நடுவிரலுக்குச் செய்யுங்கள். விரலுக்கு அடியில் போகும் நூல் சீக்கிரம் தேயும், அழுக்காகும். அந்த வளையத்தை மட்டும் தனியாகச் செய்து பிக்காட்டில் கட்டிவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அடியில் ஒரு மணிகூட வேண்டாம், குத்தும்.

தங்க ஜரிகை நூலில் செய்ய ஆசை. மாமியார், தங்க நிறம் காலில் ஆகாது என்கிறார்.
- ஒரு வாசகி, மதுரை

மாமியார் பேச்சைக் கேளுங்கள், டாட்டிங்கும் அவர் பக்கம்தான். ஜரிகை வழுக்காது, முடிச்சு தாவும்போது இழை பிரிந்து சிக்கிக்கொள்ளும். வெள்ளை நூலில் வெள்ளி மணி கோத்துச் செய்யுங்கள். ஷட்டிலில் சுற்றுவதற்கு முன்பே மணிகளை எண்ணி நூலில் கோத்துவிட வேண்டும், பாதியில் நினைவு வந்தால் நூலை வெட்டத்தான் வேண்டும்.

துவைத்தபின் கஞ்சி போடலாமா?
- ஒரு வாசகி, கோவை

சுவரில் மாட்டும் லேஸுக்குப் போடலாம், காலுக்கு வேண்டாம். விறைத்த பிக்காட் தோலைக் கீறும். நூல் முனைகளைப் பசையால் ஒட்டாமல் ஊசியால் முடிச்சுகளுக்குள் தைத்து மறைக்கச் சொல்வதும் இதற்காகத்தான், காய்ந்த பசை முள்ளாகக் குத்தும். மிதமான சோப்பு நீரில் ஊறவைத்து அலசி, பிழியாமல் துண்டில் விரித்துக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள்.

நாகர்கோவில் லேஸும் இதுவும் ஒன்றுதானா?
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது தலையணை லேஸ். தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது அது. டாட்டிங்குக்குத் தலையணையும் வேண்டாம், மேசையும் வேண்டாம், பேருந்தில் உட்கார்ந்தே போடலாம்.

கண்காட்சியில் ஒரு ஜோடிக்கு என்ன விலை சொல்வது?
- ஒரு வாசகி, திருப்பூர்

நூல் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது சொற்பம். ஒரு வளையமும் ஒரு சங்கிலியும் போட உங்களுக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பார்த்து, மொத்த எண்ணிக்கையால் பெருக்கி, உங்கள் ஊரில் தையல் வேலைக்குக் கொடுக்கும் மணிக்கூலியைப் போடுங்கள். கூட்டிப் பார்த்தால் உங்களுக்கே அதிகமாகத் தோன்றும். அப்படித் தோன்றினால் ஜோடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒற்றை வளையத் தோடுகளை முன்னால் பரப்புங்கள், விற்பது அதுதான்.